பெயர் பெற்றவரும் பெயரற்ற சிறுவனும்

பெரியோர் வாழ்க்கையை நாம் படிப்பது அவர்தம் வழியில் நடப்பதற்காக. ஆயினும், புகழ் பெற்ற சிலருடைய வாழ்வை, அப்புகழ் எவருடைய கண்ணீரின்மீது எழுந்தது என்பதை அறிவதற்காகவும் படிக்க வேண்டியுள்ளது. அமெரிக்க நாட்டின் யேல் பல்கலைக்கழகத்திற்குத் தம் பெயரைத் தந்த எலிஹு யேல் அத்தகையவர். அவருடைய செல்வம் விளைந்தது நம் கடற்கரையிலேயே ஆதலின், அவர் வரலாற்றை நம் சங்கத்து இளைஞர்கள் அறிதல் நலமென்று கருதி இங்கே சுருங்கக் கூறுகிறோம்.

யேல் 1649-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர், பிறந்த மண்ணுக்கு மீளவேயில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் வேலையில் அமர்ந்து, 1672-இல் சென்னையில் வந்திறங்கினார். மாமல்லபுரத்தை ஏழு கோயில் என்றழைத்து, அதனையே கடல்வழி அடையாளமாக ஐரோப்பிய மாலுமிகள் கொண்டிருந்த காலம் அது. 1680-இல் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் அவருடைய திருமணம் நடந்தது. சிறு எழுத்தராக வந்தவர் படிப்படியாக உயர்ந்து 1687-இல் ஆளுநரானார். சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியதும், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டை 1690-இல் கம்பெனிக்கு விலைக்கு வாங்கப்பட்டதும் அவர் ஆட்சியிலேதான். பதவியைப் பயன்படுத்திச் சொந்த வாணிகம் செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1692-இல் அப்பதவியினின்று நீக்கப்பட்டார். எனினும் 1699-இல் கப்பலேறியபோது, வைர வாணிகத்தாலும் பிறவற்றாலும் ஈட்டிய பெருஞ்செல்வம் அவரிடம் இருந்தது.

இவ்வரலாற்றில் நாம் மறக்கலாகாத பகுதி ஒன்றுண்டு. 1680-களில் இக்கரையைப் பஞ்சம் வாட்டிற்று. உண்ண வழியற்ற ஏழைகள் அடிமைகளாக விலைபோயினர். ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளையேனும் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று, யேல் அங்கம் வகித்த கோட்டை மன்றம் விதித்தது. 1687-இல் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் இங்கிருந்து ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மறு ஆண்டு, முகலாய அரசின் அதிருப்திக்கு அஞ்சிய நிலையில், அம்மன்றமே இவ்வாணிகத்தைத் தடை செய்தது. கப்பலேறியவர்கள் எவ்வூரார், எக்குலத்தார் என்று எழுதிவைப்பார் இல்லை.

1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் பொருளின்றித் தவித்த ஒரு கல்லூரிக்கு யேல் 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும், 9 பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. நன்றி பாராட்டிய கல்லூரி அவர் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. 1721-இல் அவர் இலண்டனில் காலமானார்.

ஏறத்தாழ 1719-இல் தீட்டப்பட்ட பழைய எண்ணெய் வண்ண ஓவியமொன்று அப்பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் உள்ளது. யேல் தம் உறவினருடன் மேசையருகே அமர்ந்திருக்கிறார், மது பரிமாறப்படுகிறது. ஓரத்திலே நிற்கிறான் ஓர் அடிமைச் சிறுவன். ஆப்பிரிக்க வழியினன் எனக் கருதப்படும் அவன் கழுத்தில், பூட்டுப் போட்ட உலோக வளையம் காணப்படுகிறது. அமர்ந்திருப்போர் இன்னார் இன்னார் என்று கற்றறிந்தோர் ஆராய்ந்து எழுதினர். அச்சிறுவனின் பெயரோ இன்றளவும் தெரியவில்லை. எதிர்ப்பு எழவே, 2020-இல் அவ்வோவியம் சுவரினின்று இறக்கப்பட்டது. அச்சிறுவனைப் பற்றியும் ஆராய்ந்த பின்னரே, புதிய விளக்கத்துடன் அது மீண்டும் மாட்டப்பட்டது.

அக்கழுத்து வளையத்தை நாம் அயலார் துயரமென்று எண்ணிவிடலாகாது. கடலோரத்தில் கப்பலேறிய அடிமைகள் இருந்தனர் என்றால், உள்நாட்டிலே செங்கல்பட்டுச் சீமையின் வயல்களில் பண்ணையடிமைகளாய் நம் முன்னோர் உழன்றனர். 1843-இல் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்க மறுத்தும் வழக்கம் மாறவில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலையை அரசுக்கு எழுதியனுப்பிய அறிக்கையும், அதன் பயனாக 1892-இல் பிறந்த பஞ்சமி நில ஆணையும் அதற்குச் சான்று. யேலைப் போன்றே அமெரிக்காவில் பிறந்த கர்னல் ஆல்காட், 1894-இல் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார் என்பதையும் நன்றியுடன் நினைவு கூர்கிறோம்.

இளைஞர்களே! செல்வர் தம் உருவைத் தீட்டுவிக்க ஓவியரை அமர்த்தினர். நம் பாட்டன் பாட்டிமாருக்கு அவ்வசதி இல்லை. உங்களுக்கோ எழுத்து வாய்த்திருக்கிறது. உங்கள் ஊரில் முதன்முதல் பள்ளிக்குச் சென்றவர் யார், இரவுப் பள்ளி நடத்தியவர் யார், பிள்ளையைப் படிக்க வைக்க நகையை விற்ற தாய் யார் என்று முதியோரிடம் கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வையுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்தல் வேண்டும். பின்னொரு நாள் நம் வரலாற்றை ஆராய வருவோர்க்கு நம்மவர் பெயரற்றவராய்த் தோன்றாதிருக்க இதுவே வழி.