அநாதைச் சிறுவன் அமைச்சரான கதை

வசதி இருந்தாத்தான் முன்னுக்கு வர முடியும்னு நம்மில் பலர் நினைக்கிறோம். அமெரிக்காவில் வாழ்ந்த ரஸ்ஸல் ஆல்ஜரின் கதை வேறு மாதிரி.

1836-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த ஆல்ஜர், சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். பண்ணையில் வேலை பார்த்துத் தனக்கு இளையவர்கள் இருவரையும் காப்பாற்றினார், தானும் படித்தார். இரண்டு குளிர்காலம் கிராமப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1859-ல் வக்கீல் ஆனார்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்களை எதிர்த்து, வடக்குப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். சீக்கிரமே குதிரைப்படையில் கேப்டன் ஆனார். 1862 ஜூலை 1-ந் தேதி, மிசிசிப்பியில் பூன்வில் என்ற இடத்தில், சுமார் 90 வீரர்களோடு சுற்றிப் போய் எதிரியைப் பின்பக்கமாகத் தாக்கினார். காயம் பட்டும் பின்வாங்கவில்லை. 1863-ல் கர்னலாகி, கெட்டிஸ்பர்க் போரிலும் கலந்துகொண்டார்.

போருக்குப் பின் மர வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார். 1885-ல் மிச்சிகன் கவர்னர். 1897-ல் போர்த்துறை அமைச்சர்!

அங்கேதான் சோதனை வந்தது. 1898-ல் ஸ்பெயினோடு யுத்தம். சுமார் 28,000 பேர் மட்டுமே இருந்த ராணுவத்தில், சில மாதத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். கூடாரம், மருந்து எதுவும் போதவில்லை. முகாம்களில் கழிப்பிடத்தில் மொய்த்த ஈக்கள் அப்படியே சாப்பாட்டிலும் வந்து உட்கார்ந்தன. டைபாய்டு பரவியது. யுத்தத்தில் அமெரிக்கா ஜெயித்தது. ஆனால் சண்டையில் செத்த அமெரிக்கர்கள் 400-க்கும் குறைவு. நோயில் செத்தவர்கள் 2,000-க்கும் மேல்!

பல வருஷமாக ராணுவத்துக்குப் போதிய பணம் ஒதுக்காததும் ஒரு காரணம்தான். இருந்தாலும் பழி முழுக்க ஆல்ஜர் தலையில் விழுந்தது. அவர் பெயரே நிர்வாகச் சீர்கேட்டுக்கு ஒரு வசைச்சொல் ஆகிவிட்டது. 1899-ல் பதவி விலகினார். 1902-ல் செனட்டராகத் திரும்பி வந்து, 1907-ல் அந்தப் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் ஆல்ஜர் வாழ்க்கையின் முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா மறக்கக் கூடாதது இரண்டாம் பாதி. குதிரையேறிப் பாய்வதற்கு ஒரு நாள் வீரம் போதும். நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பிடம், நேரத்துக்கு மருந்து – இதெல்லாம் தினசரி வேலை. யாரும் கைதட்ட மாட்டாங்க. நாளைக்கு நம்மை நம்பிப் பத்துப் பேர் வேலை செய்யும்போது, முதலில் அதைக் கவனிப்போம் நண்பர்களே!