அப்ரூவர் சொன்னா போதுமா? பாகவதரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு

1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அதில் இரண்டை ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர் சிறையில் கழித்தார்.

1910-ல் மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். நாடக மேடையிலிருந்து 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என அடுத்தடுத்து ஹிட். ஊரெல்லாம் பாகவதர் கிராப்தான்!

'ஹரிதாஸ்' வந்து ஒரு மாதம்கூட ஆகல. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த 'இந்து நேசன்' ஆசிரியர் லட்சுமிகாந்தன், நவம்பர் 8-ம் தேதி சென்னையில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். இருவரும் குத்தியதாக யாரும் சொல்லவில்லை. கொலைக்குச் சதி செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

சதிக்கு வெளியாள் சாட்சி கிடைப்பது கஷ்டம். அதனால் அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவரை. அதாவது, குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்காக மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர். 1945 மே மாதம் ஜூரி குற்றவாளி என்றது. இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீலும் தோற்றது.

அப்ரூவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா? அன்று அமலில் இருந்த 1872 சாட்சியச் சட்டம் இரண்டு விதமாகப் பேசியது. 133-வது பிரிவின்படி, வேறு ஆதாரம் இல்லை என்பதற்காக மட்டும் அந்தத் தண்டனை செல்லாததாகிவிடாது. 114-வது பிரிவோ, முக்கிய விவரங்களை வேறு ஆதாரம் உறுதி செய்யாதவரை கூட்டாளியின் பேச்சை நம்பத் தகாததாகக் கருதலாம் என்றது. தன் தலை தப்பணும்னா அடுத்தவன் தலையைக் காட்டுவான், அந்தச் சந்தேகம்தான். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தின் 138-வது பிரிவு, உறுதி செய்யப்பட்ட சாட்சியம் என்றே சொல்கிறது.

இதைச் சாட்சிகளின் எண்ணிக்கையோடு குழப்பிக்க வேண்டாம். தேனி கோர்ட்டோ டெல்லி கோர்ட்டோ, இத்தனை பேர் சாட்சி சொல்லணும்னு சட்டத்தில் இல்லை. முழுக்க நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும் என்று 1957-ல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆள் யார் என்பதுதான் கேள்வி.

பாகவதர் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அது மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்ப, 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அப்ரூவரின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று இருவரையும் விடுவித்தது.

என்.எஸ்.கே. மறுபடி எழுந்தார். பாகவதரால் முடியவில்லை. அவருக்காகத் திட்டமிட்ட 'உதயணன்' ஏற்கெனவே ஜி.என்.பாலசுப்ரமணியத்திடம் போயிருந்தது. 1948-ல் சொந்தமாக எடுத்த 'ராஜ முக்தி' ஓடவில்லை. அடுத்த படங்களும் கைகொடுக்கல. 1959 நவம்பர் 1-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தபோது அவருக்கு வயது 49. கடைசிப் படம் 'சிவகாமி' மறு ஆண்டுதான் வெளியானது.