இதயத்திற்குக் கதவு செய்தவர்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அதனுள் அமைந்த நான்கு வால்வுகள் திறந்து மூடுகின்றன. குருதி முன்னோக்கியே செல்ல வேண்டும். வந்த வழியே திரும்பிவிடக் கூடாது. இந்த ஒழுங்கைக் காக்கும் கதவுகளே வால்வுகள். முற்றிலும் சிதைந்துபோன வால்வுக்கு மாற்று எதுவும் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு. அந்நிலையை மாற்றிய முன்னோடிகளுள் ஒருவர் மருத்துவர் அல்லர். குழாய்களையும் இறைப்பான்களையும் வடிவமைத்த பொறியாளர். அவரே மைல்ஸ் லோவெல் எட்வர்ட்ஸ்.

இளமையும் பொறியியலும்

எட்வர்ட்ஸ் 1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள நியூபெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளம் பருவத்தில் ருமாட்டிக் காய்ச்சலால் துன்புற்றார். தொண்டையில் தோன்றும் ஒருவகை நுண்ணுயிரித் தொற்றைத் தொடர்ந்து வருவது அக்காய்ச்சல். தொற்றை எதிர்க்க எழும் உடலின் ஆற்றல் இதயத்தையும் தாக்கிவிடும். அதனால் வால்வின் மெல்லிய இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அல்லது சுருங்கி, முழுமையாக மூட இயலாமற்போகும். எட்வர்ட்ஸ் நோயிலிருந்து மீண்டார். எனினும், தம் இதயம் கெட்டிருக்கக்கூடும் என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. இதயத்தின்பால் அவர் கொண்ட ஈடுபாட்டிற்கு அதுவே வித்தாயிற்று.

பொறியியல் பயின்ற அவர், நீர்மங்களின் இயக்கத்தில் தேர்ச்சி பெற்றார். விசையுடன் பாயும் நீரால் மரங்களின் பட்டையை உரிக்கும் முறையை உருவாக்கினார். விமானம் உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறையும். எரிபொருள் ஆவியாகி, எந்திரம் நின்றுவிடும் இடர் நேரும். இதனைத் தவிர்க்க அவர் உருவாக்கிய எரிபொருள் இறைப்பான் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் பயன்பட்டது. தம் வாழ்நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். போதிய செல்வம் சேர்ந்தபின் பணி ஓய்வும் பெற்றார். ஆனால், அவர் உள்ளம் ஓய்வை நாடவில்லை. இதயமும் ஓர் இறைப்பானே என்பதால், அதனையும் செயற்கையாகச் செய்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

கனவைச் சுருக்கிய சந்திப்பு

1958ஆம் ஆண்டு, போர்ட்லாந்து நகரின் மருத்துவப் பள்ளியில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் அறுவை மருத்துவரை எட்வர்ட்ஸ் சந்தித்தார். பொறியாளருக்கு அகவை அறுபது, மருத்துவருக்கு முப்பத்திரண்டு. செயற்கை இதயம் செய்யும் தம் திட்டத்தை எட்வர்ட்ஸ் எடுத்துரைத்தார். முழு இதயத்தைச் செய்யுமளவிற்கு அறிவியல் இன்னும் வளரவில்லை என்பதை ஸ்டார் விளக்கினார். முதலில் ஒரேயொரு வால்வைச் செய்து பார்க்கலாம் என்றார். பெருங்கனவுடன் வந்தவர் மனம் கசந்து திரும்பிவிடவில்லை. அந்தச் சிறு பணியை முழு மனத்துடன் ஏற்றார். சில வாரங்களுக்குள் முதல் மாதிரி வால்வு உருவாயிற்று.

வடிவமும் செயலும்

இயற்கை வால்வைப்போலவே இதழ்களுடன் கூடிய வால்வுகளை அவர்கள் முதலில் செய்தனர்; அவற்றை நாய்களுக்குப் பொருத்தி ஆய்ந்தனர். வால்வு தையலிடப்பட்ட விளிம்பில் குருதி உறைந்தது. உறைகட்டி மெல்லப் படர்ந்து இதழ்களை அடைந்து, அவற்றின் அசைவை நிறுத்தியது. விலங்குகள் மடிந்தன.

இயற்கையின் வடிவத்தைப் பின்பற்றுவதைக் காட்டிலும், அதன் செயலைப் பின்பற்றுவதே போதும் என்னும் தெளிவு அப்போது பிறந்தது. கூண்டுக்குள் உருளும் பந்தைக் கொண்டு வாயை அடைக்கும் அமைப்பு, புட்டி மூடியாக முந்தைய நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. சார்லஸ் ஹஃப்நாகல் என்னும் மருத்துவர் 1952ஆம் ஆண்டிலேயே பந்து வால்வு ஒன்றைப் பெருந்தமனியில் பொருத்தியிருந்தார். ஆனால், அவர் பொருத்திய இடம் இதயத்திற்கு வெளியே இருந்தது. எட்வர்ட்ஸும் ஸ்டாரும் பழுதுற்ற ஈரிதழ் வால்வை அகற்றிவிட்டு, அது இருந்த இடத்திலேயே பந்து வால்வைப் பொருத்த முனைந்தனர்.

அதன் அமைப்பு எளியது. ஒரு வளையம், அதன்மேல் ஒரு கூண்டு, உள்ளே சிலிக்கோன் ரப்பரால் ஆன பந்து. இடது மேலறையிலிருந்து குருதி பாயும்போது பந்து விலகி வழிவிடும். கீழறை சுருங்கும்போது பந்து பின்னோக்கித் தள்ளப்பட்டு, வளையத்தில் அமர்ந்து வழியை அடைக்கும். வளையத்தோடு பிணைப்பின்றிப் பந்து தனித்து இயங்கியதால், விளிம்பில் தோன்றிய உறைகட்டி அதனை எளிதில் முடக்க இயலவில்லை. வால்வு பொருத்தப்பட்ட நாய்கள் நெடுநாள் உயிர்வாழ்ந்தன.

தோல்வியும் வெற்றியும்

1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் முதல்முறையாக ஓர் இளம்பெண்ணுக்கு அவ்வால்வு பொருத்தப்பட்டது. அறுவை நன்கு முடிந்தது, அவர் கண்விழித்தார். ஆனால், இதயத்துள் தங்கியிருந்த காற்றுக்குமிழ் குருதியோட்டத்தில் கலந்ததால், அன்றே உயிரிழந்தார். வால்வு பழுதின்றி இயங்கியது. ஆயினும் ஓர் உயிர் போயிற்று. அத்துயரைச் சுமந்தபடியே அவர்கள் பணியைத் தொடர்ந்தனர்.

செப்டம்பர் 21ஆம் நாள் 52 அகவை நிரம்பிய ஒருவருக்கு அடுத்த அறுவை நடைபெற்றது. அவர் நலமடைந்து வீடு திரும்பினார். பத்தாண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். இறுதியில் அவர் இறந்தது இதய நோயால் அன்று. வீட்டிற்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து தவறி வீழ்ந்ததால் ஆகும்.

ஸ்டார்–எட்வர்ட்ஸ் வால்வு உலகெங்கும் பரவியது. குறைகளும் அதற்கு இருந்தன. பொருத்தப்பெற்றோர் குருதி உறையாமல் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். சில பந்துகள் குருதியிலிருந்த கொழுப்பை ஈர்த்து உப்பின. அதனால் பந்து செய்யும் முறை திருத்தப்பட்டது. கூண்டின் வடிவமும் பன்முறை மாற்றப்பட்டது. பின்னர் சாயும் வட்டத்தகடு கொண்டவையும் இரு தகடுகள் கொண்டவையுமான எந்திர வால்வுகள் தோன்றின. இன்று பந்து வால்வின் இடத்தை அவை நிரப்புகின்றன.

எட்வர்ட்ஸ் 1982ஆம் ஆண்டு தம் 84ஆம் அகவையில் இயற்கை எய்தினார். அவர் விரும்பிய செயற்கை இதயத்தை அவர் செய்து முடிக்கவில்லை. அதன் ஒரு சிறு கதவை மட்டுமே செய்தார். நோயுற்ற பல்லாயிரவர் இல்லம் திரும்பியது அக்கதவின் வழியேதான்.