ஐடா ஸ்கடர் அம்மையார்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அவை. இவற்றுள் ஒன்று குறையினும் பிணி தீர்தல் அரிது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெருமாட்டி ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவர்தம் பாட்டனார் அமெரிக்க நாட்டினின்று போந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மருத்துவத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. எனினும், பஞ்சத்தின் கொடுமையை இளமையிற் கண்டிருந்த ஐடா, அமெரிக்காவிலேயே இனிது வாழ விரும்பினார். நோயுற்ற அன்னையாரைப் பேணுதற்பொருட்டே திண்டிவனம் வந்தார்.

ஆங்கு ஓர் இரவு அவர் உள்ளத்தை மாற்றியது. மகப்பேற்றுத் துன்பத்தால் உயிர்க்குப் போராடும் தம் மனைவியரைக் காக்க வருமாறு மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து அவரை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தந்தையார் உடன் வருவார் என்றும் ஐடா எடுத்துரைத்தார். பிற ஆடவர் தம் மனைவியரைப் பார்த்தல் வழக்கமன்று எனக் கூறி மூவரும் வருத்தத்துடன் திரும்பினர். பொழுது புலர்ந்தபின் அப்பெண்கள் மூவரும் இறந்த செய்தி வந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தார்; மருந்தும் இருந்தது. மருத்துவம் பயின்ற பெண் ஒருத்தி இல்லாமையே மூன்று உயிர்களைக் கொண்டு சென்றது.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொண்டைத் தொடங்கினார். 1902ஆம் ஆண்டில் பெண்களுக்கென 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. மாட்டுவண்டியிற் சிற்றூர்களுக்குச் சென்று, சாலையோர மரநிழலிலும் நோய் தீர்த்தார்.

ஒருவர் கைகள் எத்துணைப் பேரைக் காக்கும்? மருத்துவர் சென்றபின் இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருப்பவர் யார்? இவற்றை எண்ணிய அம்மையார், 1909ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். செவிலியர் கல்வி எளியதன்று. கைகளையும் கருவிகளையும் தூய்மை செய்தல், நாடியையும் உடல் வெப்பத்தையும் அளந்து குறித்தல், ஈன்ற தாய்க்குக் குருதிப்போக்கு மிகுகின்றதா என நோக்கியிருத்தல், பிறந்த மகவைக் குளிர் தாக்காமற் காத்தல் ஆகிய யாவும் அதன்பாற்படும். இவற்றுள் ஒன்றை மறப்பினும் தாயும் சேயுமாகிய ஈருயிர்க்கும் கேடு வரக்கூடும்.

1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் நிறுவினார். செவிலியர் பள்ளி 1946ஆம் ஆண்டில் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. அவ்வளர்ச்சியைக் கண்டு மகிழ்ந்த அம்மையார், 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! இரக்கம் நற்பண்பே; ஆயினும் அறிவில்லா இரக்கத்தால் உயிரைக் காத்தல் இயலாது. அவ்விரவில் ஐடாவிடம் இரக்கம் இருந்தது, கல்வி இல்லை. அக்கல்வியைத் தாம் தேடிப் பெற்றதோடு அமையாது, பிற பெண்களுக்கும் வழங்கினார். மூன்று பெண்களுக்குக் கிட்டாத துணை, பின் வந்த எண்ணற்ற தாய்மார்க்குக் கிட்டியது.