வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு தேறாதது ஏன்? விடை தேடிய ஃபுல்லர் ஆல்பிரைட் யார்?
எலும்பு அசையாத சுவர் இல்லீங்க. தினமும் இடிப்பும் கட்டுமானமும் நடக்கிற இடம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அனுப்பும். உடனே எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும்.

இந்தக் கணக்கை நோயாளிகளிடம் படித்தவர் டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட். 1900-ல் அமெரிக்காவின் பஃபலோவில் பிறந்தவர். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேலை.

1937-ல், வழக்கமான அளவு வைட்டமின் டி-க்கு மசியாத ரிக்கெட்ஸ் நோயை விவரித்தார். 1942-ல் அடுத்த புதிர்: ஹார்மோன் ஊசி போட்டும் சிலருக்கு கால்சியம் ஏறவில்லை. குறை சுரப்பியில் இல்லை, ஹார்மோன் சொல்வதைக் கேட்க வேண்டிய உறுப்புகளில்தான் என்றார். அன்றைக்கு இது புது யோசனை.

அப்போதே அவருக்கு பார்க்கின்சன் நோய். கை நடுங்கியது, பேச்சு குழறியது. ஆராய்ச்சியை விடவில்லை. 1956-ல் மூளையில் அறுவை சிகிச்சை செய்தபோது ரத்தக்கசிவு ஏற்பட்டு, பேச்சே போனது. தான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் 13 ஆண்டுகள் நோயாளியாகக் கிடந்து 1969-ல் இறந்தார்.

சிறுநீரகத்தில் வைட்டமின் டி-யை முழு வீச்சில் வேலை செய்ய வைப்பதும் அதே பாராதைராய்டு ஹார்மோன்தான் என்பது 1970-களில்தான் தெரியவந்தது. இன்று கால்சியம் கணக்கு இடித்தால், டாக்டர்கள் அந்த ஹார்மோனையும் சேர்த்தே டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க.