பத்துமலை கண்ட தம்புசாமிப் பிள்ளை

ஒருவர் யாரென வினவினால், அவர் பார்க்கும் வேலையைக் கூறி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். காலையில் பெரட்டுக்கு நிற்பவரைப் பால்மரம் வெட்டுபவர் என்போம். ஏட்டுடன் அமர்ந்திருப்பவரைக் கிராணியார் என்போம். தம்புசாமிப் பிள்ளை அவர்களை அவ்வாறு கூறப் புகுந்தால் பட்டியல் நீளும்.

1850ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த அவர், இராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் பயின்று, டேவிட்சன் என்னும் வழக்கறிஞரிடம் எழுத்தராக அமர்ந்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டபொழுது, அவருடன் கிள்ளானுக்கு வந்தார். அரசாங்கக் கருவூலத்தில் தலைமை எழுத்தராய் உயர்ந்து, பொருளாளர் இல்லாத வேளைகளில் அப்பொறுப்பையும் ஏற்றார். பின்னர் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தினார். 1894இல் அச்சுரங்கத்தில் மின்னாக்கி பொருத்தப்பட்டது. இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதாகப் பதிவாகியுள்ள முதல் இடம் அதுவே.

இவையாவும் அவர் பார்த்த தொழில்கள். இவற்றிற்காக இன்று அவரை நினைப்போர் சிலரே.

கோலாலம்பூருக்கு வடக்கே, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், காட்டினிடையே சுண்ணாம்புக் குன்றொன்று நின்றது. சீனக் குடியானவர்கள் தம் காய்கறிப் பாத்திகளுக்கு எருவாக அதன் குகைகளிலிருந்து வௌவால் எச்சத்தை அள்ளிச் சென்றனர். 1878இல் வில்லியம் ஹோர்னடே என்னும் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் அக்குகைகளை வெளியுலகுக்கு அறிவித்தார். சுரங்க முதலாளிக்குக் குன்றைக் கண்டால் வெட்டியெடுக்கும் பொருளன்றோ நினைவிற்கு வரவேண்டும்! பிள்ளையவர்களுக்கோ குகையின் வாயில் வேல்வடிவாகத் தோன்றிற்று. 1890இல் அங்கு முருகப்பெருமானின் திருவுருவை நிறுவினார். 1892 முதல் தைப்பூச விழா நடைபெறலாயிற்று.

அக்காலத்தில் கப்பலேறி வந்த தொழிலாளி, துரைக்கும் கங்காணிக்கும் செக்ரோலில் ஒரு பெயர், அதன் எதிரே அன்றைய கூலி, அவ்வளவே. தம் ஊரில் அவர் உடுக்கை அடிப்பவராகவோ, பாடல் வல்லவராகவோ, நோயுற்ற குழந்தைக்காக நேர்ந்துகொண்ட தந்தையாகவோ இருந்தது எவ்வேட்டிலும் ஏறவில்லை. காவடியைத் தோளில் ஏற்றிய அன்றே அது ஊரறிய வெளிப்பட்டது. அதற்கோர் இடம் தேடித் தந்ததே பிள்ளையவர்களின் பெரும்பணி என்பது எம் எண்ணம்.

1893இல் கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் எழுந்தபொழுது, சுல்தான் அப்துல் சமாட், காப்பித்தான் யாப் குவான் செங், லோக் இயூ ஆகியோருடன் அவரும் முன்னின்றார். எல்லா இனப் பிள்ளைகளுக்கும் பொதுவான பள்ளி அது என்பதைப் பெற்றோர்கள் கருத்திற்கொள்க.

தைப்பூசத்திற்கு வெள்ளித்தேர் புறப்படும் கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயமும் அவர் நிறுவியதே. 1920களின் இறுதிவரை அவர் குடும்பத்தாரே அதனைப் பேணி வந்தனர்.

1902இல் அவர் சிங்கப்பூரில் மறைந்தார். பத்துமலையில் மரப்படிகள் அமைந்தது 1920இல்; இன்று நாம் ஏறும் 272 படிகள் அதற்கும் பிற்பட்டவை. அவர் காலத்து அடியார்கள் படியற்ற மலைச்சரிவிலேயே காவடியுடன் மேலேறினர்.