சாமிநாதையர் கண்ட வாழ்நாட்பணி

சோழநாட்டில் கும்பகோணத்தை அடுத்துள்ள உத்தமதானபுரம் என்னும் சிற்றூர், உ. வே. சாமிநாதையரின் முன்னோர் வாழ்ந்த ஊராகும். அவர் 1855 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 19 ஆம் நாள், தம் தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையில் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணக் கதை கூறி, அதனால் வரும் சிறுவருவாயைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். மைந்தனும் தம்மைப்போல் இசைவாணனாகவே விளங்கவேண்டும் என்பது அவரது விருப்பம். உற்றார் சிலரோ, ஆங்கிலம் கற்றால் இவ்வுலகில் நன்மை உண்டு, வடமொழி கற்றால் மறுமைக்கு நன்மை உண்டு, தமிழால் இரண்டும் இல்லை என்றனர். சிறுவரின் உள்ளமோ தமிழிலேயே தோய்ந்து நின்றது.

அவ்வுள்ளத்தை அறிந்தபின் தந்தையார் தடை செய்தாரல்லர். தமிழறிந்த ஒருவர் ஓரூரில் இருக்கின்றார் என்று கேள்வியுற்றால், குடும்பத்தோடு அவ்வூர்க்கே குடிபெயர்ந்துவிடுவார். அரியிலூர், குன்னம், செங்கணம் என இவ்வாறு அவர்கள் மாறிய ஊர்கள் பல. நிலையான வருவாய் இல்லாத ஒருவர் மகன் கல்விக்காக வீடு மாறி வீடு மாறி அலைவது எளிய செயலன்று. மைந்தருக்கு வயது பதினேழு நடக்கும்போது, 1871 ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்பும் சாமிநாதையருக்குக் கிடைத்தது. ஆயினும், இசைப்பயிற்சியில் ஆசிரியருக்கு உவப்பில்லை என்று தெரிந்தபோது அதனை விட்டுவிட்டார். இசையின்பால் அவருக்கு இருந்த பற்று இறுதிவரையில் குறையவில்லை. ஆதலின் இது மனம் நோவாமல் விட்டதன்று என்று கொள்ளவேண்டும். 1876 ஆம் ஆண்டில் ஆசிரியர் இறைவனடி சேரும்வரையில் அவரைப் பிரியாது உடனிருந்து பாடங்கேட்டார். பின்னர்த் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மாணவர்க்குக் கற்பித்து வந்தார். 1880 ஆம் ஆண்டு பெப்ரவரியில், தியாகராச செட்டியார் செய்த உதவியால், கும்பகோணம் கல்லூரியில் அவர் வகித்த தமிழாசிரியர் பதவி இவரை வந்தடைந்தது.

அப்பொழுது ஐயருக்கு வயது இருபத்தைந்து. உத்தியோகம் உண்டு; மதிப்பு உண்டு; மாணவர் அன்பும் உண்டு. இனி வேண்டுவது யாது என்று அவர் அமைந்திருந்தால், அவரை ஒருவரும் குறை கூறியிரார்.

அவ்வாண்டு கும்பகோணத்திற்கு முனிசீபாகச் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் மாற்றம் பெற்று வந்தார். அக்டோபர் 21 ஆம் நாள் ஐயர் அவரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் கற்றிருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என நெடிய வரிசை ஒன்றைக் கூறினார். கேட்டோர் வியக்கும் வரிசை அது. முதலியாரோ சிறிதும் வியந்திலர்; இவற்றைக் கற்றதனால் என்ன பயன் என்றே கேட்டார். இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவி, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயரும் கூறினார். ஐயர் அந்நூல்களைக் கற்றதில்லை. முழுச்சுவடிகளைக் கண்டதும் இல்லை.

அந்நிலையில் வேறொருவராயின் சினந்திருப்பர். அன்றி, அவர் வீட்டுப்பக்கம் மீண்டும் செல்லாதிருந்திருப்பர். ஐயரோ, சுவடி கிடைத்தால் படித்தறியலாம் என்று விடை கூறினார். முதலியாரும் தம்மிடம் காகிதத்தில் எழுதப்பெற்றிருந்த சிந்தாமணிப் பிரதியைப் பின்னர் அவரிடம் தந்து, தாமும் உடனிருந்து பாடங்கேட்கலானார்.

நூலைத் திறந்தபின்னரே அதன் அருமை புலப்பட்டது. சிந்தாமணி சமண சமயக் காப்பியம். ஐயரோ சைவ மடத்தில் பயின்றவர். அந்நூலில் வரும் சமயச் செய்திகள் விளங்காமையால், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். சமண நூலில் சைவர் ஒருவர் இவ்வளவு ஈடுபடலாமோ என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். இனி, ஏட்டுச்சுவடியைப் படிப்பதன் துன்பத்தை இக்காலத்து மாணவர் அறியார். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். செய்யுளும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும். உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் இடையிடையே பழைய நூலடிகளை மேற்கோளாகத் தருவார். நூற்பெயரைப் பல இடங்களில் கூறார். அவ்வடிகளின் இருப்பிடம் தேடித் திருவாவடுதுறை மடத்து ஏடுகளை ஆராய்ந்தபொழுதுதான் பத்துப்பாட்டும் எட்டுத்தொகை நூல்களும் ஐயர் கண்ணிற்பட்டன. ஒரு நூலைத் தேடிப் போனவர்க்கு நூற்கடலே எதிர்ப்பட்டது.

அக்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் புகழ்பெற்றிருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சிந்தாமணியைத் தாம் அச்சிட விரும்பி ஐயரிடம் கேட்டார். பதிப்புத் தொழிலில் பழகியவர், அறிவிலும் பெருந்தகை. ஐயரோ அதுவரையில் பழங்காப்பியம் ஒன்றனையும் பதிப்பித்தறியாதவர். ஆயினும் அந்நூலைப் பிறர் கையில் ஒப்புவிக்க அவர் மனம் இசையவில்லை. அது தம் பணி என்பதை அவர் உள்ளம் அதற்குள் துணிந்துவிட்டது போலும்! அன்பர் பலரிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டி, விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் திருத்தி, 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்.

அதன்பின் அவர் ஓய்ந்தாரல்லர். பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் வெளிவந்தன. குறிஞ்சிப்பாட்டில் மலர்ப்பெயர்கள் அடுக்கி வரும் பகுதியில் சில அடிகள் ஏடுகளில் இல்லாமற்போக, அவற்றைத் தேடி அலைந்து, தருமபுர மடத்து ஏட்டில் கண்டெடுத்தார். எல்லா இடத்திலும் இவ்வாறு நேர்ந்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகள் இருந்தன என்று கேட்டுச் சென்றபோது, பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்யவேண்டும் என்று ஆகமம் விதிப்பதாகக் கருதி, அவற்றை முன்னரே தீயிலிட்டுவிட்டதாகக் கூறினர். எரிந்தவை எந்த நூல்கள் என்பதை இனி எவரும் அறிதல் இயலாது. அன்று முதல் ஐயரின் விரைவு மிகுந்தது.

மணிமேகலைக்காகப் புத்த சமயத்தை முதலிலிருந்து கற்கவேண்டியிருந்தது. தம்முடன் கல்லூரியில் பணியாற்றிய மளூர் அரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1898 இல் அதனையும் பதிப்பித்தார். இராமசாமி முதலியார் அன்று கூறிய மூன்று பெயர்களும் அச்சில் ஏற, அச்சந்திப்பிலிருந்து ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. மணிமேகலையைக் காண முதலியார் உயிருடன் இல்லை.

1903 இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919 இல் ஓய்வு பெற்றார். 1906 இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு, வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டிருந்தார். குறுந்தொகையை 1937 இல் வெளியிட்டபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 1940 முதல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதி வந்தார். அது மணிமேகலை வெளிவந்த காலத்தை ஒட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுதுமுன், 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 28 ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார்.